முந்திக் கட்டினால் தண்டம்

பிந்தினால் தண்டம். அது தெரியும்.
பதினொரு வருசமாய் ஊரூராய்ப் போய் நான்
சொல்லுகிற வசனமே அதுதான்.
முந்திக் கட்டினாலும் தண்டம் என்று
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த பிள்ளை சொன்னபோது
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"மிச்ச முதலுக்கு ஐஞ்சு வீதம், அண்ணை.
கடைசிப் பக்கத்தில கிடக்கு. நீங்கள்தான் ஒப்பம் வைச்சிருக்கிறியள்."
ஓம், என்ர ஒப்பம்தான்.
அந்த நாளையில் கை நடுங்குவதில்லை.

கோண்டாவிலில் இரண்டு பரப்பு.
முன்சுவருக்கு இன்னும் பூச்சில்லாத வீடு.
நூற்றெண்பது தவணை.
உறுதியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று
சி.ஆர். கொப்பியொன்றில்
நூற்றெண்பது வரிக்கும் இலக்கம் போட்டேன்.
நூற்றுப்பதின்மூன்றில்
இன்று நிற்கிறேன்.

வித்தை ஒன்றுமில்லை.
சித்திரைப் போனஸ், உறையோடு.
தர்மினியின் சீட்டு, இரண்டு தரம்.
லீவில்லை என்று பொய் சொல்லி
மச்சானின் கலியாணத்துக்குப் போகாமல்
மிச்சம்பிடித்த மோதிரக்காசு.
அவன் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

காலை ஆறு பத்துக்கு
பிறேமராஜ் சேரின் குரல் போனில் விழும்:
"இந்தக் கிழமை எத்தினை ஓட்டோ தூக்கிறீர்?"
வெறுவயிற்றில் ஒரு குளிசை,
பிறகு தேத்தண்ணி, பிறகு சிவப்பெழுத்துப் பட்டியல்.
நாலாம் வருசம் ஓரிரவு
நித்திரை வராமல் எழும்பி
அதே கொப்பியின் பின்பக்கத்தில்
வேலையை விடுகிறேன் என்று கடிதம் எழுதினேன்.
ஈடு மீளட்டும், பிறகு திகதி போடலாம் என்று
கொப்பியை மூடினேன்.

காசாளர் முத்திரை குத்திய சத்தம்
கதிரை இழுபட்ட சத்தத்தைவிடச் சின்னது.
"உறுதி கைக்கு வர ஒரு மாசம் செல்லும்."
செல்லட்டும்.
வெளியில் வந்து ஹெல்மெற்றைப் போட்டால்
போன் அதிர்கிறது:
அளவெட்டி, பத்மலோசனி, மூன்று தவணை நிலுவை.

போனேன்.
ஓட்டோ மாமரத்துக்குக் கீழ் நின்றது,
ஒரு சில்லுக்குக் காற்றில்லை.
அவள் பிள்ளைக்குத் தலை துடைத்துக்கொண்டு வந்து
வழமையாய் எல்லோரும் சொல்வதைச் சொன்னாள்,
ஒரு கிழமை.
நான் வழமையாய்ச் சொல்வதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.
வரவில்லை.
தேடிப் பார்த்தேன், தொண்டையில் இருந்த அந்த ஆளை.
ஒவ்வொரு மாதமும் இருபதாம் திகதிக்குப் பயந்த ஒருவன்தான்
இவ்வளவு நாளும் என் வாயால் அதட்டியிருக்கிறான்.
அவனை வங்கியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

தண்ணி கேட்டேன். தந்தாள்.
கிணற்றுத்தண்ணி, கொஞ்சம் சவர்.
'வீட்டில் ஆளில்லை' என்று போனில் பதிந்துவிட்டு
மோட்டார்சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒழுங்கை முடியுமட்டும் நடந்தேன்,
ஸ்ரார்ட் பண்ணினால் அவள் பயப்படுவாள் போலிருந்தது.
நான் பெரிய மனுசனாகிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம்.
நாளைக்கு இன்னொருவன் வருவான்,
அவனுக்கும் எங்கேயோ ஓர் ஈடு இருக்கும்.

இரவு இரண்டேகாலுக்கு வழமைபோல முழிப்பு.
முதல், வட்டி, மிச்சம் என்று
மனம் தானாய்த் தொடங்கி
கூட்ட ஒன்றுமில்லாமல் நின்றது.
"என்ன எண்ணுறியள்?"
"ஒண்டுமில்லை."
தர்மினி அரைநித்திரையில் சிரித்தாள்,
அல்லது அழுதாள், இருட்டில் தெரியவில்லை.

விடிய, ஆரணி கணக்குச் செய்துபார்க்கக் கொப்பி கேட்டாள்.
அறுபத்தேழு வரி வெறுமையாய்க் கிடந்தது.
எடு என்றேன்.
கொடுக்க முதல்
பின்பக்கத்தை மட்டும் மெல்லக் கிழித்துச்
சட்டைப்பையில் வைத்தேன்.
ஆறு பத்து.
போன் அடிக்கத் தொடங்கியது.
பேனை எங்கே என்று
தேடிக்கொண்டிருந்தேன்.